துணிக்கடையில் ஒரு குற்றவியல் பட்டதாரி

குற்றவியல் படித்தால் வேலை நிச்சயம். என்ன வேலை என்பதுதான் யாருக்கும் நிச்சயமில்லை. "அது இன்னா படிப்பு?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்லியே வாய் வலித்துப்போன என் இனத்தாரே, இது உங்களுக்காக.

முதல் வழக்கு

பட்டம் வாங்கிய வாரமே, எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்தில் பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை ஓடி வந்தார். அவருடைய கோழியைக் காணவில்லை. கடைசியாகப் பார்த்தது யார், யாரோடு பகை என்று முறையாக விசாரித்தேன். எதிர்வீட்டு நாய் மேல் சந்தேகம் பலமாக விழுந்த நேரத்தில், வைக்கோல் போருக்குள்ளிருந்து கோழி கொக்கரித்துக்கொண்டு வெளியே வந்தது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"இதுக்காடி தெனம் பாண்டிக்கு பஸ் ஏறிப் போயி படிச்ச?"

விசில்

வில்லியனூர் பக்கம் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி வேலைக்கு இன்டர்வியூ. மனிதன் ஏன் தப்பு செய்கிறான், பாதிக்கப்பட்டவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். மேனேஜர் பொறுமையாகத் தலையாட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"எல்லாம் சரிம்மா. லாரி ரிவர்ஸ் எடுக்கறப்ப விசில் ஊதத் தெரியுமா?"

கையும் களவுமாக

கடைசியில் தவளக்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் கேமரா பார்க்கும் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே, ஒரு அம்மாள் இரண்டு சேலைகளைப் பையில் போட்டுக்கொண்டு, பில் போடாமல் வாசலுக்கு நடப்பதைத் திரையில் பார்த்தேன். ஓடிப்போய் மறித்தேன். அவர் முதலாளியின் மனைவியாம்!

வேலை போயிற்று என்று நின்றேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கல்லாவில் இருந்த கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"இம்மாம் வருசத்துல என்னப் புடிச்ச மொத ஆளு இவதாங்க. வேலைய வுட்டு மட்டும் அனுப்பிடாதீங்க!"

மூலையில் நின்ற பெண்

ஒரு நாள் மாலை, சுடிதார் பிரிவின் மூலையில் கல்லூரிப் பெண் ஒருத்தி வெகுநேரம் நின்றாள். எதையும் எடுத்துப் பார்க்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திருடத்தான் வந்துருக்கா, போய்ப் புடி" என்றார் சூப்பர்வைசர். திரையில் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திருட வந்த முகமல்ல, பயந்த முகம்.

ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்த பிறகுதான் கேட்டேன். பாகூர் பஸ்ஸிலிருந்தே ஒருவன் பின்தொடர்கிறானாம். வெளியே காத்து நிற்கிறானாம். சொல்லும்போதே அழுதாள். போலீசுக்கும் அவள் அண்ணனுக்கும் போன் போட்டேன். போலீஸ் வண்டியைப் பார்த்து நழுவப்போனவனை வாசலிலேயே மடக்கினார்கள். அண்ணன் வரும்வரை அவள் என் கையை விடவில்லை.

கிளம்பும்போது, "அக்கா, நீங்க போலீஸா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அதான பாத்தேன். மொதல்ல உக்காரச் சொன்னீங்களே."

படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள். கிடைத்த வேலைக்குள் நம் படிப்பு என்றைக்காவது ஒருநாள் எட்டிப் பார்க்கும், அன்றைக்குப் பார்த்து லீவு மட்டும் போட்டுவிடாதீர்கள்.