கறுப்புத் துணிக்கு எவ்வளவு வெளிச்சம்? கிண்ணியாவில் மூன்று நாட்கள்

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நான் திருகோணமலைக்குப் புறப்பட்டது கடல் பார்க்க அல்ல, ஹபாயா படம் எடுக்க. பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த றிஸ்னா, கிண்ணியாவில் வீட்டிலிருந்தபடி முஸ்லிம் பெண்கள் அணியும் நீண்ட கறுப்பு அங்கியான ஹபாயா தைக்கிறாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூலாலேயே கொடியும் இலையும் போடுவது அவளுடைய கை வேலை. நோன்புப் பெருநாள் விற்பனைக்காக நகரத்தில் ஒரு கடைக்கு அதைக் காட்டியிருந்தாள். கடையை நடத்தும் ஜெஸீமா தாத்தாவுக்குத் துணி பிடித்துவிட்டது, றிஸ்னா தொலைபேசியில் எடுத்த படம்தான் பிடிக்கவில்லை. (கிண்ணியா முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள்.) அவருடைய வியாபாரத்தில் பாதி இணையப் பக்கத்தில் நடக்கிறது. "துணி நல்லா இரிக்கு புள்ள. படத்துல பழஞ்சீல மாதிரிக் கிடக்கு. வாங்குறவங்க படத்தத்தானே பாக்கிற" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு படங்கள் கேட்டிருந்தார்.

அதே ஞாயிறு மாலைக்குள் றிஸ்னா இன்னொரு பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. கொழும்பில் ஒரு துணிக்கடையில் விற்பனை வேலைக்கு அவளுடைய மாமா ஏற்பாடு செய்திருந்தார். ஓடர் கிடைத்தால் வீட்டிலிருந்து தைப்பாள். கிடைக்காவிட்டால் மெஷினை மூடிவிட்டுக் கொழும்புக்குப் போவாள். "நீ கமரா வாங்கினனி எண்டு சொன்னியே, வா" என்றாள். வாங்கி இரண்டு மாதங்கள்தான், அதுவும் பழையது. அவளிடம் அதைச் சொன்னேன். "என்ட மெஷினும் பழசுதான்" என்றாள்.

வவுனியாவில் காலை 7.15க்குப் பேருந்து. ஹொரவப்பொத்தானை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம், 430 ரூபா. வலது பக்க இருக்கைகளில் வெயில் அடிக்கும், இடது பக்கம் பிடியுங்கள். 10.20க்கு இறங்கியதும் நேரே கிண்ணியாவுக்குப் போகாமல் உட்துறைமுக வீதிக்கு நடந்தேன். எதையும் முதலில் வாசித்துவிட்டுத் தொடங்குகிற ஆள் நான். கமராவைப் பற்றி மூன்று புத்தகங்கள் வாசித்திருந்தேன். அவற்றில் படித்த எதையும் கையால் செய்து பார்த்ததில்லை. தோழியின் வாழ்க்கையில் கை வைப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது பழக வேண்டும் என்று தோன்றியது.

படத்தில் விழும் வெளிச்சத்தை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, உள்ளே வந்த வெளிச்சத்தைக் கமரா எவ்வளவு பெருக்கிக் கொள்கிறது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். கரையோரம் ஒரு கொங்கிறீற் தூணும் அதில் கட்டிய வள்ளமும் இருந்தன. ஷட்டரை நொடியின் முப்பதில் ஒரு பங்காக வைத்தபோது தூண் தெளிவாக நின்றது, அசைந்த வள்ளம் கலங்கியது. ஐந்நூறில் ஒரு பங்காக்கியபோது கயிற்றிலிருந்து சொட்டிய நீர்த்துளி அந்தரத்தில் நின்றது. இருபது படங்களாவது எடுத்திருப்பேன். பக்கத்தில் ஓட்டோவை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் பொறுக்க முடியாமல் கேட்டார்:

"தங்கச்சி, அந்தத் தூணில என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை அண்ணை. வெளிச்சம் பழகிறன்."

"வெளிச்சம் அங்கால கடல்ல கிடக்கு. தூணில காகம்தான் வந்து இருக்கும்."

சற்று நேரத்தில் காகம் வந்து இருந்தது. அதையும் எடுத்தேன்.

கிண்ணியாவுக்குப் பேருந்தில் சீனக்குடா வழியாக ஐம்பது நிமிடம், 110 ரூபா. நீண்ட பாலத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்க ஆசை வரும், ஒரு பக்கத்தைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளலாம். றிஸ்னா சந்தியில் காத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுடைய உம்மா சோறும் மீன் ஆணமும் (குழம்பு) வைத்து, நான் போதும் என்று சொல்லச் சொல்லப் பரிமாறினார். அன்று கமராவை யாரும் வெளியே எடுக்க விடவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொடங்கினோம். ஹபாயாவைக் கதவில் கொழுவி, துணி படத்தின் சட்டம் முழுவதையும் நிரப்புமாறு நெருங்கி எடுத்தேன். நூல் வேலை தெரியவில்லை. இருட்டாக இருப்பதால்தான் தெரியவில்லை என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டினேன். கறுப்பு வெளிறியது. இன்னும் கூட்டினேன். றிஸ்னா திரையை எட்டிப் பார்த்தாள்.

"சாம்பல்ல பொரட்டி எடுத்த மாதிரி இரிக்குடி."

பிழை என்னவென்று குசினியில் பிளேன்டீ குடிக்கும்போதுதான் விளங்கியது. கமராவுக்குத் துணியும் தெரியாது, நிறமும் தெரியாது. தனக்கு முன்னால் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்து அளக்கும். சட்டம் நிறையக் கறுப்பைக் காட்டினால், 'இங்கே வெளிச்சம் போதாது' என்று தானே கூட்டிவிடும். நான் அதற்கு மேலும் கூட்டியிருந்தேன். றிஸ்னாவின் தொலைபேசி செய்த அதே பிழையைத்தான் மூன்று புத்தகங்கள் படித்துவிட்டு நானும் செய்திருந்தேன். கறுப்பைக் கறுப்பாக எடுக்க வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், வெள்ளையை வெள்ளையாக எடுக்கக் கூட்ட வேண்டும்.

ஒரு படிக்கு மேல் குறைத்தேன் (ஒரு படி குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). கறுப்பு திரும்பி வந்தது, ஆனால் கொடியும் இலையும் அதற்குள் மூழ்கிவிட்டன. வெறும் கறுப்பு. அவள் ஒரு பகலும் இரவும் இருந்து தைத்தது எதுவுமே இல்லை. மதியம் வரை கதவை மாற்றி, சுவரை மாற்றிப் பார்த்தோம்.

"ஏலாட்டி விடு" என்றாள் றிஸ்னா. குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "கறுப்பில கறுப்பு நூல் உனக்கு எப்பிடித் தெரியுது? பிழையாத் தைச்சா எப்பிடிப் பிரிக்கிறனி?"

"அது பகல்ல பிரிக்க ஏலாது. அஞ்சு மணிக்கு மேற்கு வாசல்ல சாய்வா வெயில் வரும். சீலைய மடியில போட்டா ஒவ்வொரு தையலும் எழும்பி நிக்கும். அப்பதான் பிரிப்பன்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"மூண்டு புத்தகம் வாசிச்சயாமே" என்றாள்.

மாலை 4.40க்கு ஓட்டோவில் குறிஞ்சாக்கேணிக்குப் போனோம். பத்து நிமிடம், 400 ரூபா. களப்பின் கரையில் மேற்கு வெயில் தடையில்லாமல் வரும். அவள் தானே ஹபாயாவை அணிந்து நின்றாள். தன் முகம் இணையத்தில் வரக்கூடாது என்பதில் அவள் உறுதி. எனக்கும் அப்படித்தான், அதனால் விளக்கம் கேட்கவில்லை.

முதல் படத்தில் அவளுக்குப் பின்னால் மின்னும் தண்ணீரை வைத்தேன். கமரா தண்ணீரை அளந்து அவளை நிழலுருவாக்கிவிட்டது. வெயில் பக்கவாட்டில் விழுமாறு அவளைத் திருப்பினேன். அடுத்ததில் முகம் வராதிருக்கக் கழுத்தோடு சட்டத்தை வெட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "என்னடி, குர்பானுக்கு வந்த மாட்டப் போலத் தலைய எடுத்துட்ட?" என்றாள். உண்மைதான். தலையை வெட்டினால் ஆள் போய்விடுகிறது, முகத்தைத் திருப்பினால் ஆள் இருக்கிறாள். களப்பைப் பார்த்து நிற்கச் சொன்னேன். சட்டத்தை நிலைக்குத்தாக மூன்றாகப் பிரித்து இடப்பக்கக் கோட்டில் அவளை நிறுத்தி, அவள் பார்க்கும் திசையில் வெற்றிடம் விட்டேன். தண்ணீரின் கோடு கழுத்தைக் குறுக்கே அறுக்காமல் இருக்கக் கொஞ்சம் குனிந்தேன். துளை எண் நாலு, ஷட்டர் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு, கமரா சொன்னதைவிட ஒரு படி குறைவு.

மீன் கூடையோடு போன ஒரு பெண் நின்று பார்த்தார். "கலியாணப் படமா?"

"இல்ல மாமி, விக்கிறதுக்கு."

"உன்னையா?"

றிஸ்னா சிரித்த அசைவில் கைப்பகுதி உயர்ந்தது. வெயில் சாய்ந்து விழுந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கொடி முழுவதும் எழும்பி நின்றது. கமராவைக் கீழே வைக்காமல் நெருங்கிப் போய்க் கையை மட்டும் எடுத்தேன். விரல் நுனிகளில் ஊசி குத்திய சிறு புள்ளிகளும் படத்தில் விழுந்தன. ஆறேகாலுக்குள் வெளிச்சம் முடிந்தது.

ஞாயிறு காலை பத்தரைக்கு ஜெஸீமா தாத்தாவின் கடையில் இருந்தோம். படங்களை றிஸ்னாவின் தொலைபேசிக்கு மாற்றியிருந்தோம்; நான் பெருமையோடு வைத்திருந்த களப்புப் படத்தை முதலில் காட்டினேன்.

"வடிவா இரிக்கு. ஆனா இதுல ஹபாயா எங்க? கடலயா விக்கப் போறம்?"

அடுத்ததைத் தள்ளினார். அதற்கடுத்ததையும் தள்ளினார். றிஸ்னா கதிரையின் விளிம்பில் இருந்தாள். கைப்பகுதிப் படம் வந்ததும் அவருடைய விரல் நின்றது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் திரையில் வைத்து, துணியைத் தடவிப் பார்ப்பதுபோல மெல்ல உரசினார். படம் பெரிதாகிவிட, தன் செயலைத் தானே பார்த்துச் சிரித்தார்.

"இதுதான். மூணு சைஸ்லயும் ஆறு ஆறு தைச்சுத் தாங்க. நோன்பு பதினஞ்சுக்குள்ள ஏலுமா?"

"ஏலும்" என்றாள் றிஸ்னா, கேள்வி முடியுமுன்.

வெளியே வந்து வீதியோரத்தில் நின்று மாமாவுக்கு அழைப்பு எடுத்தாள். "மாமா, நான் வரல்ல" என்றாள். அந்தப் பக்கம் நீண்ட பேச்சு. நாலைந்து முறை "ஓம் மாமா" சொன்னாள். கடைசியில், "இல்ல மாமா, யோசிச்சித்தான் சொல்றன்" என்று சொல்லி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் ஒரு படம் எடுத்தேன்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கிண்ணியாவிலிருந்து நகரத்துக்குக் கடைசிப் பேருந்தை நம்ப வேண்டாம், ஐந்து மணிக்குள் ஏறுங்கள். துறைமுகப் பக்கம் கடற்படை வளாகங்களை நோக்கிக் கமராவைத் திருப்பாதீர்கள், பலகைகள் இருக்கின்றன. மதியத்தில் கமராவைப் பையில் வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். எதை எடுக்கப் போகிறீர்களோ, அதைத் தினமும் கையாளுபவர்களிடம் அது எப்போது நன்றாகத் தெரியும் என்று கேளுங்கள். ஆட்களை எடுப்பதற்கு முன் கேளுங்கள், எடுத்தபின் திரையைக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அவர்கள் முன்னாலேயே அழியுங்கள்.

அந்தக் கடைசிப் படத்தையும் அப்படித்தான் காட்டினேன். கடைக்குள் இருந்த மங்கலுக்கு வைத்த அளவிலேயே கமராவை விட்டிருந்ததால் வானம் வெளுத்துப் போயிருந்தது, பின்னால் இருந்த கடைப் பலகை காணாமல் போயிருந்தது, ஷட்டர் மெதுவாகி விளிம்புகள் கலங்கியிருந்தன. இங்கே நான் எழுதிய ஒவ்வொரு விதியும் அதில் மீறப்பட்டிருக்கிறது. நடுவில் றிஸ்னாவின் முகம், முழுதாக. அவள் வெகுநேரம் பார்த்தாள். நான் அழிக்கும் பொத்தானில் விரலை வைத்திருந்தேன்.

"வேணாம், நீ வச்சிரு" என்றாள். "ஆருக்கும் காட்டாத."

இந்தக் கட்டுரையில் கைப்பகுதிப் படம் இருக்கிறது, களப்பும் காகமும் இருக்கின்றன. அந்தப் படம் இல்லை.