முடியாது என்று சொல்லப் பழகியவர்

கென்சோ அண்ணனுக்கு நன்றி சொல்லத் தெரியாது. எதைக் கொடுத்தாலும் மன்னிப்புத்தான் கேட்பார். தேநீர் கொடுத்தால் மன்னிக்கணும், உட்காரச் சொன்னால் மன்னிக்கணும், மழைக்கு என் கடையோரம் ஒதுங்கினால் அதற்கும் ஒரு மன்னிக்கணும். "அண்ணே, மழை என்ன என்னைக் கேட்டா பெய்யுது? எதுக்கு என்கிட்ட மன்னிப்பு?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். "உங்களைக் கத்த வெச்சதுக்கு மன்னிக்கணும், மிட்சும்மா" என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது?

ஒசாகாவின் தெற்கே, கூலிக்கு ஆள் ஏற்றும் வண்டிகள் வந்து நிற்கிற தெருவில் என் முடிதிருத்தும் கடை இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு கத்தரிக்கோல் என் கைக்கு வந்தது. கென்சோ தபுச்சி சாரம் கட்டுகிறவர். இந்த நகரத்து மேம்பாலங்களில் பாதி அவர் கட்டிய சாரத்தின் மேல்தான் எழும்பின. முதுகு போனதும் வேலை போனது, வேலை போனதும் அறை போனது. ஆற்றங்கரைப் பூங்காவில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் குடியேறினார். சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் அலுமினிய டப்பாக்களைப் பொறுக்கி, எடைக்குப் போட்டுச் சாப்பிட்டார். முடி வளர்ந்தால் என்னிடம் வருவார். கூலிக்குப் பதிலாக என் கடைவாசலையும் பக்கத்துக் கடைவாசலையும் பெருக்கிக் கொடுப்பார். பெருக்க வேண்டாம் என்றால் வெட்டிக்கொள்ளாமலே போய்விடுவார்.

பக்கத்துக் கடை ஷிபாவினுடையது. சோயா கட்டி செய்து விற்கிறவர். கை எவ்வளவு வெள்ளையோ வாய் அவ்வளவு கறுப்பு. "உடம்பு வணங்காதவனுக்கெல்லாம் அரசாங்க உதவிப்பணமாம். நம்ம வரியை வாங்கிட்டு நேரா சூதாட்டக் கூடத்துக்குப் போறானுங்க. இந்த கென்சோவைப் பாரு, ரோஷக்காரன். தார்ப்பாய்க்குள்ள கிடந்தாலும் கை நீட்ட மாட்டான்" என்று அவரை வைத்துக்கொண்டே பாராட்டுவார். கென்சோ அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாகப் பெருக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டினால்கூடத் திருப்பித் திட்டலாம், இந்த மாதிரிப் பாராட்டை வைத்துக்கொண்டு ஒருத்தர் என்னதான் செய்வார்?

ஆனால் அவர் உதவி கேட்காததற்குக் காரணம் ரோஷம் இல்லை. அந்தக் காரணத்தைச் சவரம் செய்யும்போதுதான் வாங்கினேன். தொண்டையில் கத்தி இருக்கும்போது ஆம்பிளைகள் பொய் சொல்வது கொஞ்சம் குறைவு.

"கேட்டா, ஆபீஸ்ல இருந்து ஊர்ல இருக்குற என் தங்கச்சிக்கு எழுதுவாங்க, மிட்சும்மா. 'உங்க அண்ணனைப் பாத்துக்க முடியுமா'ன்னு அவளைக் கேப்பாங்க. அது மட்டும் நடக்கவே கூடாது."

தங்கை பெயர் கியோனோ. ஷிமானே பக்கம், கடலோரச் சிற்றூர். இவர் மீசை முளைத்த வயதில் ஒசாகாவுக்கு பஸ் ஏறியபோது, அம்மா சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சியைப் பாத்துக்குவியாடா?" என்று கேட்டிருக்கிறாள். "சரிம்மா" என்றிருக்கிறார். அவ்வளவுதான், திரும்பிப் போகவே இல்லை. கணவாய் மீன் கொட்டகையில் குடல் உருவும் வேலை பார்த்துக்கொண்டு, படுக்கையில் விழுந்த அம்மாவை கியோனோதான் கடைசிவரை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா சாவுக்குக்கூட இவர் போகவில்லை. போக சட்டையும் இல்லை, முகமும் இல்லை. ஆனால் புத்தாண்டு தோறும் வாழ்த்து அட்டை மட்டும் தவறாமல் போகும்: 'நான் இங்கே மேஸ்திரியாக இருக்கிறேன், நலம்.'

"அம்மாவை அவ தலையில கட்டிட்டு ஓடி வந்தவன் நான். இப்ப என்னையும் கொண்டுபோய்க் கட்டச் சொல்றீங்களா?" என்றார். கண்ணில் வழிந்தது சோப்பு நுரை இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் இருமல் பிடித்தது. இருமும்போது துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் ரத்தம் வந்ததைப் பார்த்துவிட்டேன். கடையைப் பூட்டினேன், கையைப் பிடித்தேன், உதவி அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டு என்றால் நிஜமாகவே இழுத்துக்கொண்டுதான். வழியெல்லாம் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

அங்கே ஒகுனோ என்று ஓர் இளம் அதிகாரி. நல்ல பையன்தான், ஆனால் தலைக்கு மேல் வேலை. பெயர், வயது, சொத்து எல்லாம் கேட்டுவிட்டு, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஐயா, உங்க தங்கச்சிக்கு எழுதி, உதவ முடியுமான்னு கேக்கட்டுங்களா?" என்றான்.

கென்சோ அண்ணன் இரண்டு கையையும் முட்டியில் வைத்து, தலையைத் தாழ்த்தி, "பரவாயில்லைங்க" என்றார்.

எங்கள் ஆட்கள் பரவாயில்லை என்பதை வேண்டாம் என்பதற்கும் சொல்வார்கள், செய்யுங்கள் என்பதற்கும் சொல்வார்கள். முகத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். ஒகுனோ கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானோ, அப்பாடா, வேலை முடிந்தது என்று சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவம் கிடைத்தது. பழைய கூலியாட்கள் விடுதியில் மூன்று பாய் அகலத்துக்கு ஓர் அறையும் கிடைத்தது. இருமல் நின்றது. ஆனால் மனுஷன் அறைக்குள் திருடனைப்போலத்தான் வாழ்ந்தார். விளக்கு போடமாட்டார், அடுத்தவன் காசில் எரிகிறதாம். ஒருநாள் பிறந்தநாள் என்று ஒரே ஒரு துண்டு சூரை மீன் வாங்கி, பைக்குள் வெங்காயத்தாளுக்கு அடியில் மறைத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஷிபா கண்ணிலிருந்து எது தப்பும்?

"என்ன கென்சோ, நம்ம காசுல சூரை மீனா? ஜமாய்!"

விளையாட்டுக்குத்தான் சொன்னதாக ஷிபா இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். கென்சோ அண்ணன் அந்த மீனைப் பூனைக்குப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் கடைச்சாமான் வாங்குவார். நான் ஷிபாவிடம் ஒரு வாரம் பேசவில்லை.

வசந்தம் வந்தபோது ஒருநாள் அலுவலகத்திலிருந்து நேரே என் கடைக்கு வந்தார். உட்காரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதைக் கவனித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

"என் உதவிப்பணத்துல மாசாமாசம் கொஞ்சம் கழிச்சுத்தான் கணக்குல போட்டிருக்காங்கன்னு இன்னிக்குத்தான் சீட்டுல பாத்தேன். ஏன்னு கேட்டேன். உங்க தங்கச்சி அதே கணக்குல மாசாமாசம் போடுறாங்களே, அதைத்தான் கழிக்கிறோம்னான் அந்தத் தம்பி."

"தங்கச்சியா? அவங்களுக்கு எப்படி..."

"எழுதிக் கேட்டிருக்காங்க. அவ முடியும்னு சொல்லிட்டா." என் பக்கம் திரும்பினார். "கேக்க வேண்டாம்னுதானே சொன்னேன்? நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க? பரவாயில்லைன்னுதானே சொன்னேன்?"

அவர் சாப்பிட்ட சோற்றில் ஒரு பங்கு, ஊரில் கியோனோ போட்டதாக இருந்திருக்கிறது. அவள் அனுப்பினால் அரசாங்கம் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளும். இவருக்கு ஒரு பிடி சோறு கூடவும் இல்லை, அவளுக்குக் குறைந்ததுதான் மிச்சம். மறுபடி தார்ப்பாய்க்கே போகிறேன் என்று கிளம்பினார். "போய்க் கிடந்தா மட்டும் அவ அனுப்புறது நின்னுடுமா? முதல்ல ஊருக்குப் போய் அவ முகத்தைப் பாருங்க!" என்று நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்து, முடியை ஒழுங்காக வெட்டி, என் அப்பாவின் கோட்டைப் போட்டுவிட்டு பஸ் ஏற்றினேன்.

திரும்பி வந்தவர் தேநீர்க் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"குளியல் தொட்டியில முட்டைக்கோசு அடுக்கி வெச்சிருக்கா, மிட்சும்மா."

குளியல் தொட்டியில் காய் அடுக்குகிற அளவுக்கு, வெந்நீர் வைத்துக் குளித்து எத்தனை காலம் ஆயிற்றோ!

"எனக்கு வெள்ளைச் சோறும் சுட்ட கணவாயும் வெச்சா. தான் அப்பவே சாப்பிட்டாச்சுன்னா. நான் படுத்தப்புறம் அடுப்படியில சத்தம் கேட்டுப் பாத்தேன். பானையில ஒட்டின காந்தலைச் சுரண்டித் தின்னுக்கிட்டிருந்தா. விரல் மடங்கல அவளுக்கு, கொட்டகை வேலையும் போச்சு. நீ ஏன்டி முன்னாடியே உதவி கேக்கலன்னு கேட்டேன். கேட்டா உன்னைக் கேப்பாங்களேண்ணா, மேஸ்திரி வீட்டுக்கு அப்படி ஒரு கடுதாசி வந்தா உனக்குத் தலைகுனிவுன்னு இருந்தேன், உன் நிலைமை தெரிஞ்சப்புறம் எப்படிக் கேப்பேங்கிறா."

அந்த இடத்தில் எழுந்து உள்ளே போய், கொஞ்ச நேரம் துண்டுகளை மடித்துக்கொண்டு நின்றேன். மடித்ததையே மடித்தேன்.

இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இவருக்காக இனி அனுப்ப முடியாது என்று அவள் எழுதிக் கொடுத்துவிடுவாள். அவளும் தன் ஊர் அலுவலகத்தில் உதவி கேட்பாள். தங்கைக்கு உதவ முடியுமா என்று அந்த அலுவலகத்தார் இவரைக் கேட்பார்கள். என் கடை போன் எண்ணைக் கொடுத்திருக்கிறார். இவர் முடியாது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் இந்த மனுஷன் வாழ்நாளில் ஒருமுறைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை! சொல்லத் தடுமாறினாலோ, இழுத்தாலோ, கியோனோவின் தொட்டியில் முட்டைக்கோசுதான்.

பழக்கினேன். முடிவெட்டும் நாற்காலியில் கண்ணாடிக்கு நேராக உட்கார வைத்து, நானே அதிகாரியானேன்.

"ஐயா, உங்க தங்கச்சிக்கு உதவ முடியுமா?"

"இப்போதைக்குக் கொஞ்சம் கஷ்டந்தானுங்க..."

"அடுத்த மாசம் முடியுமான்னு கேப்பான்! முடியாதுன்னு சொல்லுங்க."

"யோசிச்சுப் பாக்குறேங்க."

"அண்ணே!"

பக்கத்து நாற்காலியில் முகத்தில் சூடான துண்டோடு படுத்திருந்த ஷிபா, "முடியாதுன்னு சொல்ல இவ்வளவு பாடா? என் பெண்டாட்டிகிட்ட அனுப்பு, ஒரே நாள்ல கத்துக்கொடுத்துடுவா" என்றார். துண்டுக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலில் வழக்கமான குத்தல் இல்லை. கென்சோ அண்ணன் முதல் தடவையாகச் சிரித்தார்.

போன் வந்த அன்றும் ஷிபா கடையில்தான் இருந்தார். கென்சோ அண்ணன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, போனுக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு வாங்கினார். பழைய போன், எதிர்முனை பேசுவது எங்களுக்கே கேட்டது. ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாக, ஊர் வாடையோடு கேட்டது.

"ஐயா, உங்க தங்கச்சியைப் பாத்துக்குவீங்களா?"

நான் சொல்லிக்கொடுத்த கேள்வி அது இல்லை. கென்சோ அண்ணன் முகம் வெளிறிவிட்டது. வாய் 'ச' என்று திறந்தது. சரி என்று சொல்லிவிடப் போகிறாரே என்று எனக்கு உயிரே போயிற்று. கையிலிருந்த துண்டால் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"முடியாது" என்றார். பிறகு, நிறுத்த முடியாதவர்போல், "முடியாதுங்க. என்னால அவளுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. எப்பவுமே செஞ்சதில்ல" என்றார்.

"சரிங்க ஐயா. பணம் இல்லாட்டியும், அப்பப்ப போன் பண்ணிப் பேசுறது, போய்ப் பாக்குறது, அதையாவது செய்வீங்களா?"

இதை நாங்கள் பழகவே இல்லை. என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், தலையைத் தாழ்த்தி, "பரவாயில்லைங்க" என்றார்.

பாய்ந்து போனைப் பிடுங்கினேன். "செய்வாரும்மா! செய்வார்னு போட்டுக்கோங்க! ஞாயித்துக்கிழமைதோறும் இதே போன்ல பேசுவார், நான் பேச வைக்கிறேன்!" என்று கத்தினேன். அந்தப் பெண் மிரண்டுபோய், "நீங்க யாருங்க?" என்றாள். "முடி வெட்டுறவ!" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கியோனோவுக்கு உதவி கிடைத்தது. தொட்டியில் வெந்நீர் வைக்கிறாள் என்று ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் தெரிந்துகொண்டோம். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அன்றைக்கு, போனை வைத்த பிறகு, கென்சோ அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஷிபா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"நல்லாத்தானே சொன்னீங்க, அண்ணே. அவங்களுக்குச் சோறு கிடைச்சிடும். எதுக்கு அழுறீங்க?" என்றேன்.

"எங்கம்மாவும் இதே வார்த்தையிலதான் கேட்டாங்க, மிட்சும்மா" என்றார். "அன்னிக்குச் சரின்னு சொல்லிட்டு ஒண்ணும் செய்யல. இன்னிக்கு முடியாதுன்னு சொன்னப்பதான் அவளுக்கு ஒருவேளைச் சோறு போட்டிருக்கேன். இதை நான் போய் அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"