இடத்தோள் சால்வை

கடைப் பலகைகளை அடுக்கிப் பூட்டியதும் பரராசசிங்க முதலியார் சால்வைகள் இரண்டை உதறி மடிக்கிறார். சரிகைக் கரையிட்டது வலத்தோளுக்கு, கரையில்லாதது இடத்தோளுக்கு. ஊர்காவற்றுறைத் துறைமுகத் தெருவில் இரண்டு சால்வைகளோடு நடப்பவர் அவர் ஒருவரே. முதலாவது 'முதலியார்' என்ற அவருடைய பட்டத்துக்கு உரியது. மற்றையது மகன் ஐயாத்துரையுடையது.

"கப்பலாலை இறங்கின உடனை தோளிலை போட அவனுக்கு ஒண்டு வேணுமெல்லே?" என்பார், கேட்போரிடம்.

கடைக்குள் எவரேனும் "முதலியார்" என்று அழைத்தால் அவர் உடனே திரும்பமாட்டார். தராசைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, சால்வையைத் தோளில் இட்ட பின்னரே "ஓம், சொல்லும்" என்பார். தராசும் பட்டமும் ஒரே கையில் இருத்தலாகாது என்பது அவர்கள் குடும்பத்து விதி. ஒல்லாந்தர் காலத்தில் யானைகளை ஏற்றிச் செல்லத் தம் பாய்க்கப்பல்களைக் கொடுத்த முன்னோர் ஒருவருக்குக் கிடைத்த பட்டம் அது. அன்று தொட்டு மூத்த மகனுக்கு மூத்த மகன் என்று இறங்கி வருகிறது. மீன் விற்கும் கிறேசம்மா அதைச் சொல்லிச் சீண்டாத நாளில்லை.

"உங்கட பூட்டனார் ஆனைக்குத் தண்ணி வார்த்துத்தானே முதலியார் ஆனவர்?"

"ஓம் பிள்ளை. மனிசருக்கு வார்த்திருந்தால் ஆர் பட்டம் தந்திருப்பினம்?"

குடும்பத்துப் பாய்க்கப்பல்களுள் கடைசியாக எஞ்சியிருந்த ஒன்றில், அரிசி ஏற்றிவர இரங்கூனுக்குப் போனவன் ஐயாத்துரை. யப்பானியர் அந்நகரைப் பிடித்த பின் அவனைப் பற்றிய செய்தியே இல்லை. யுத்தம் ஓய்ந்துவிட்டது. தந்தை இன்னும் மாலைதோறும் துறைமுகத்துக்குப் போய் நிற்கிறார்.

பட்டத்துக்கென்று இன்று மிஞ்சியிருக்கும் மரியாதை ஒன்றே. அம்மன் கோயிற் கொடியேற்றத்தன்று, ஏனைய ஆண்கள் சால்வையை இடுப்பிற் கட்டியிருக்க, அவ்வீட்டார் மட்டும் தோளில் அணியலாம். பட்டத்தைக் கூறி அழைத்ததும் முதலியார் கொடிமரத்தருகே நிற்பார். அவருக்கு இடப்பக்கத்தில் நிற்கும் மூத்த மகன், விரித்த சால்வையில், வெற்றிலையும் தேங்காயும் வைத்த காளாஞ்சித் தட்டை வாங்குவான். முதலியார் தம் கையால் வாங்குவதில்லை. ஒரு முதலியார் இறந்த ஆண்டில் மட்டும் அவருடைய இடத்தை வெறுமையாக விட்டு, மகன் தன் இடத்திலேயே நின்று வாங்குவான். ஐயாத்துரை போன பின், வாங்குவாரின்றித் தட்டு கொடிமரத்தடியிலேயே வைக்கப்பட்டு வந்தது. இவ்வாண்டும் அவ்வாறாயின் அம்மரியாதை வேறு வீட்டுக்குப் போய்விடும் என்று கோயில் நிருவாகத்தார் அறிவித்துவிட்டனர்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள், தம்பி முருகேசு கடைக்கு வந்தார்.

"அண்ணை, என்ர மகன் செல்வரத்தினம் வாங்கட்டும். பட்டம் வெளியிலை போகக்கூடாது."

"அவன் அந்த இடத்திலை நிண்டால், பிறகு ஐயாத்துரை வந்து எங்கை நிக்கிறது?"

"இன்னும் வருவான் எண்டே நினைக்கிறியள்?"

"கொடியேத்தத்திலை என்ர பிள்ளைக்குச் செத்தவீடு செய்யச் சொல்லுறியோ, தம்பி?"

முருகேசு தராசுத் தட்டிற் கிடந்த மிளகாயை வெகுநேரம் விரலால் அளைந்துகொண்டிருந்தார்.

மறுநாட் காலை கொடி ஏறியது. மேளம் ஓய்ந்ததும் பட்டத்தைக் கூறி அழைத்தார்கள். கொடிமரத்தருகே முதலியார் தம் இடத்தில் நின்றார். குருக்கள் தட்டை ஏந்தி வந்தார். புது வேட்டி உடுத்து நின்ற செல்வரத்தினத்தின் முதுகில் முருகேசு மெல்லக் கைவைத்தார்.

முதலியார் வலத்தோளிலிருந்த சரிகைச் சால்வையை எடுத்து மடித்து, தாம் நின்ற நிலத்தில் வைத்தார். பின்னர் இடப்பக்கம் ஓரடி நகர்ந்து, மகனுடைய இடத்தில் நின்று, கரையில்லாத சால்வையை இரு கைகளிலும் விரித்தார்.