கதவு தட்டப்பட்ட பாடம்

யூத இனப்படுகொலையைப் பள்ளிகளில் எப்படிப் படிப்பிப்பது என்று ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவது என் வேலை. சிலர் பிள்ளைகளை இருட்டில் இருத்தி நடிக்க வைக்கப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆட்களின் சாவு என்ன, பள்ளிக்கூட நாடகமா?

இங்கே கனடாவில், அஜின்கோர்ட்டில் ஆறாம் வகுப்பு எடுக்கும் தமிழரான ஆசிரியை ஒருவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். என்னைப் போலவே சிறுவயதில் போர்க்கால யாழ்ப்பாணத்தில் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் ஒளிந்தவர். "அக்கா, பாடத்தை நானே எடுப்பன். ஆனா என்ர பயம் பிள்ளையளுக்குத் தொத்தக்கூடாது. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டனான்," என்றார். "நான் பக்கத்தில இருக்கிறன், யோசியாதேங்கோ," என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்லிவிட்டேன்.

வகுப்பில் ஆசிரியை, அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த யூதக் குடும்பமொன்றின் படத்தைத் திரையில் போட்டுக் கதை சொன்னார். குரல் நடுங்கவேயில்லை. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் லொக்டவுன் பயிற்சி என்று அறிவித்தார்கள்; துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் புகுந்தால் ஒளிந்துகொள்ளும் ஒத்திகை. கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மூலையில் சத்தமில்லாமல் குந்தியிருக்க வேண்டும். இங்கத்தைப் பிள்ளைகளுக்கு இது பழகிப்போன கூத்து. வழக்கமாக ஆளை ஆள் கிள்ளிச் சிரிப்பார்கள். அன்று ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை.

இருட்டில் ஆசிரியையின் குரல் தமிழில் கேட்டது. "காதைப் பொத்துங்கோ. வாயைத் திறந்து வைச்சிருங்கோ."

குண்டு விழும்போது காது வெடிக்காமலிருக்கப் பங்கருக்குள் நாங்கள் செய்தது அது. தமிழ்ப் பிள்ளைகள் செய்தார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் செய்தார்கள். திரை வெளிச்சத்தில் வரிசையாகத் திறந்த வாய்கள். ஐயோ கடவுளே! பார்த்தால் என் வாயும் திறந்துதான் இருந்தது.

பயிற்சி முடிந்ததென்று அறிவித்தார்கள். பக்கத்து வகுப்பில் கதிரைகள் இழுபட்டன. ஆசிரியை அசையவில்லை. கதவு தட்டப்பட்டது. எல்லாம் முடிந்தது, வெளியே வாருங்கள் என்று துணை அதிபர் ஆங்கிலத்தில் சிரித்தபடி கூப்பிட்டார்.

"பிள்ளை, முடிஞ்சுது," என்று ஆசிரியையின் தோளைத் தொட்டேன்.

"அப்பிடித்தான் சொல்லுவாங்கள், அக்கா. ஒண்டும் செய்யமாட்டம், வெளியில வாங்கோ எண்டு. அதை நம்பித்தான் எங்கட அண்ணை ஆமிக்காரரிட்ட எழும்பிப் போனவர்."

நானே எழுந்து போய்ப் பூட்டில் கை வைத்தேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு சீனச் சிறுமி. திறக்க வேண்டாம் மிஸ், தயவுசெய்து திறக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.