செவெருக்குப் போய்ச் சேர வேண்டிய பயணம்

குர்திச் ரயில் நிலையத்தில் வெதூரியா முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கொடுத்தாள். உள்ளூர் வண்டிகளுக்கு மட்டும்தான். பக்கத்து நகரமான அராதுக்கு, அதற்கு நடுவில் இருக்கிற கிராமங்களுக்கு, அவ்வளவுதான் அவள் ஜன்னலின் எல்லை. நாட்டின் எல்லையோ அங்கிருந்து கூப்பிடு தூரம். புடாபெஸ்டுக்கும் வியன்னாவுக்கும் போகிற வண்டிகள் அங்கே ஒரு மணி நேரம் நிற்கும். காவலர்கள் இருக்கைக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். அந்த வண்டிகளைக் கழுவியவர்கள் ஊரில் உண்டு, ஏறிப் போனவர்கள் கிடையாது.

அந்த வண்டிகளின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னவர் அவள் புருஷன் செவெர். கணீரென்ற குரல் அவருக்கு. அரசாங்கம் கொடுத்த சீருடை முழங்கையில் தேய்ந்திருக்கும், குரல் மட்டும் கசங்காது. எந்த வண்டி எந்த நாட்டில் எத்தனை மணிக்கு எந்தப் பாலத்தைத் தாண்டும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். “வியன்னா” என்கிற இடத்தில் மட்டும் குரல் சற்று இறங்கும். “பெண்டாட்டி பேரைக்கூட இவ்வளவு ஆசையா சொல்ல மாட்டான் இவன்” என்று கூட வேலை பார்த்தவர்கள் வெதூரியாவின் காதுபடவே கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

1984இல் ரயில்வே தொழிற்சங்கம் நல்ல ஊழியர்கள் சிலரை எட்டு நாள் வெளிநாடு கூட்டிப்போவதாக அறிவித்தது. புடாபெஸ்ட், பிராக், கடைசியில் வியன்னா. பட்டியலில் செவெர் பெயரும் இருந்தது. புருஷன் போனால் பெண்டாட்டியும் பிள்ளையும் இங்கேயே இருக்க வேண்டும். அது அந்தக் காலத்துச் சட்டம், வீட்டில் இருப்பவர்கள்தான் பிணை. அந்த வாரம் முழுக்கச் செவெர் சவரம் செய்யும்போது சீட்டி அடித்தார். அந்தச் சீட்டியைக் கேட்கக் கேட்க வெதூரியாவுக்குச் சந்தேகம் வலுத்தது. முந்தின வருஷம் பக்கத்து நிலையத்திலிருந்து போன இரண்டு பேர் திரும்பி வரவே இல்லை. அதில் ஒருத்தனின் பெண்டாட்டியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெதூரியாவுக்கு அப்போது இருபத்தேழு வயது, பையன் ஹோரியாவுக்கு ஐந்து.

ஒரு மத்தியானம் டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டு, பட்டியலைச் சரிபார்க்கிற அதிகாரியின் அறைக்குப் போனாள். “என் புருஷனை அனுப்பாதீங்க. திரும்பி வர மாட்டாரு” என்றாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. காரணத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் செவெர் வீட்டுக்கு வந்து, பேசாமல் சூப்பைக் குடித்து முடித்து, “சரி, அடுத்த தடவை” என்றார். அடுத்த தடவை வரவே இல்லை. ஆட்சி கவிழ்ந்து எல்லை திறந்தபோது கையில் எதுவும் இல்லை. கொஞ்சம் மூச்சு விடலாம் என்று ஆனபோது சர்க்கரை வியாதி அவருடைய இடது காலை எடுத்துக்கொண்டது. பிறகு சென்ற ஆகஸ்டில் அவரையே எடுத்துக்கொண்டது.

அந்த அதிகாரியிடம் போனதை வெதூரியா யாரிடமும் சொல்லவில்லை. நோன்புக் காலத்தில் பால் குடித்ததைக்கூடப் பாதிரியாரிடம் ஒப்புக்கொள்கிற பெண், இந்த ஒன்றை முப்பத்தைந்து வருஷம் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தாள். அவருக்கு மருந்து கட்டியபோதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள். “என்ன?” என்பார் அவர். “ஒண்ணுமில்ல, காலைத் தூக்குங்க” என்பாள்.

செத்தவருக்கு அந்த வட்டாரத்தில் பொமானா கொடுப்பார்கள். ஒரு பொருளை எடுத்து, கூடவே ஒரு பின்னல் ரொட்டியும் ஏற்றிய மெழுகுவத்தியும் வைத்து, செத்தவர் பெயரைச் சொல்லி இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால், அது அந்த உலகத்தில் அவருக்குப் போய்ச் சேரும். வாங்குகிறவர் “பொக்தப்ரோஸ்தே”, அதாவது கடவுள் அவரை மன்னிக்கட்டும், என்று சொல்லிப் பெற்றுக்கொள்வார். அந்த ஒரு வருஷத்தில் வெதூரியா குவளை கொடுத்தாள், துண்டு கொடுத்தாள், நாற்காலி கொடுத்தாள், தலையணையோடு கட்டிலையே எதிர்வீட்டுக்குக் கொடுத்தாள். இரண்டு கால்களுக்கும் ஜோடியாகச் செருப்பும் கொடுத்தாள். செவெருக்கு அங்கே இனி எதற்கும் குறையில்லை, ஊர் பார்க்காத குறையைத் தவிர.

அந்த நிலையில்தான் ஹோரியா வந்து சொன்னான். “அம்மா, ஆகஸ்ட்ல எனக்கு எட்டு நாள் லீவு. நீ, நான், இலிங்கா மூணு பேரும் கார்ல போறோம். புடாபெஸ்ட், பிராக், வியன்னா. வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தது போதும்.”

அவள் மறுப்பாள், நாலு நாள் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்து வந்தவன் அவன். “எப்ப கிளம்பணும்?” என்று கேட்டாள். மருமகள் இலிங்காவுக்கே ஆச்சரியம். கிளம்புவதற்கு முந்தின நாள் மாமியார் ஆறு பின்னல் ரொட்டி சுட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு கட்டு மெழுகுவத்தியோடு பையில் வைத்ததைப் பார்த்துவிட்டு, வழியில் ஏதோ கோயிலுக்காக இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள்.

புடாபெஸ்டில் ஆற்றுப் படகுக்கு ஹோரியா மூன்று டிக்கெட் வாங்கினான். படகு கிளம்புகிற நேரத்தில் அம்மாவைக் காணோம். படித்துறை ஓரத்தில் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணின் முன்னால் அவள் நின்றிருந்தாள். கையில் ரொட்டி, ரொட்டி மேல் டிக்கெட், பக்கத்தில் எரிகிற மெழுகுவத்தி. சந்தைக்குப் போதுமான அளவுக்கு அந்த ஊர்க்காரர்களின் மாக்யார் மொழி அவளுக்கு வரும். “என் புருஷன் செவெரோட ஆத்மாவுக்கு” என்றாள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, துடைப்பத்தை வெதூரியாவிடமே கொடுத்துவிட்டுப் படகில் ஏறிவிட்டாள். ஹோரியாவும் இலிங்காவும் ஒரு மணி நேரம் அந்தப் பெண்ணோடு நகரத்தைப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது வெதூரியா ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

“என்னம்மா இது? உனக்குன்னுதானே வாங்கினேன்!”

“எனக்குன்னு குடுத்துட்டே இல்ல? அப்புறம் என் சாமான். நான் யாருக்கு வேணா குடுப்பேன்.”

“நீ பார்க்க வேண்டாமா?”

“உங்கப்பா பார்த்தாரு.”

இலிங்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மாமா அந்தம்மா போட்டிருந்த ரப்பர் பூட்ஸோடயா பார்த்தாரு, அத்தை?”

“எதைப் போட்டுக்கிட்டுப் பார்த்தா என்ன? அங்க அவருக்கு ரெண்டு காலும் இருக்கு” என்றாள் வெதூரியா.

அவள் சிரிக்கவில்லை. கார் பாலத்தைத் தாண்டியபோதும் தன் மடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கணக்கு அவளுக்குத் தெளிவாக இருந்தது. கொடுத்த பண்டத்தில் தானும் ஒரு வாய் கிள்ளித் தின்றால் அது பொமானா ஆகாது. வழியெல்லாம் இப்படியே வந்தாள். மலை வந்தால் கண்ணை மூடினாள், கோட்டை வந்தால் பையில் எதையோ தேடினாள்.

பிராகில் ஒரு பழைய கோபுரத்தின் வாசலில் வரிசை நின்றது. அங்கே பொமானா வாங்கியவர் அரைக்கால் சட்டை போட்ட ஒரு பருத்த மனிதர், எந்த ஊரோ தெரியாது. வயதான அம்மாள் ஒருத்தி ரொட்டி மேல் மெழுகுவத்தி ஏற்றி நீட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிறந்தநாள் என்று நினைத்துவிட்டார் பாவம். கன்னத்தை உப்பி ஒரே ஊதாக ஊதி அணைத்தார். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

வெதூரியா வாய்விட்டு அலறினாள். செத்தவரின் வெளிச்சத்தை ஊதி அணைப்பது என்றால் அவளுக்கு அவரை இன்னொரு தரம் இருட்டில் தள்ளுவது போலத்தான். அவள் கோபுரத்தின் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இலிங்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதரின் முகம் வெளுத்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார். வத்தியை மறுபடி ஏற்றச் சொல்லி, அது எரிந்து முடியும்வரை அந்த வெயிலில் நின்று பிடித்திருந்தார், மெழுகு கையில் சொட்டியும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் மேலே ஏறினார்.

ஹோரியாவுக்கு அன்று பொறுமை போய்விட்டது. “ஊரே வேடிக்கை பார்க்குது, போதும்மா! அப்பா செத்துட்டாரு. நீ உயிரோட இருக்கே. நான் உன்னைத்தான் கூட்டிக்கிட்டு வந்தேன், அவரை இல்ல.”

“நான் அவருக்காகத்தான் வந்தேன்” என்றாள் அவள்.

வியன்னாவில் பூங்காவுக்குள் அந்தப் பெரிய ராட்டினம் நின்றது, ரயில் பெட்டி மாதிரி மரப் பெட்டிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு. செவெர் கட்டாயம் ஏறியிருப்பார் என்று வெதூரியா நிச்சயமாக இருந்தாள். ரொட்டி இதற்குள் ஆணி அடிக்கலாம் போல இறுகியிருந்தது. அவள் வத்தியை ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றவர்களிடம் போனாள். அந்த ஊர்க்காரர்கள் மரியாதையானவர்கள். மரியாதையாகவே தலையை ஆட்டி மறுத்துவிட்டு நகர்ந்தார்கள். ஏதோ விற்க வந்தவள் என்று சிலர் நினைத்தார்கள், பிச்சை கேட்பவள் என்று சிலர். ஒருத்தி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு ஒரு காவலாளி வந்து, நெருப்பை அணைக்கும்படி கையைக் காட்டினான். வெதூரியா இரண்டு விரலால் திரியைக் கிள்ளி அணைத்தாள். அவர்களுடைய முறை வர இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது. எல்லா ஊரும் கிடைத்து, இந்த ஒரு ஊர் மட்டும் அவருக்குக் கிடைக்காமல் போகப்போகிறது என்று அவள் அணைந்த வத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“விடும்மா. நீயே ஏறு” என்றான் ஹோரியா. அவன் குரல் தணிந்துதான் இருந்தது.

“நான் ஏறக் கூடாது.”

“அதான் ஏன்னு கேக்கறேன்.”

அவள் சொல்லிவிட்டாள். அந்த வரிசையில், அந்தப் பாஷை தெரியாத நூறு பேருக்கு நடுவில், 1984, பட்டியல், அந்த அதிகாரியின் அறை, தான் சொன்ன அந்த வார்த்தைகள் எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. இலிங்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

ஹோரியா கேட்டான். “அப்பாகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“கடைசி நாள்லகூட?”

“இல்லடா.”

அவன் வரிசையை விட்டு விலகி நடந்தான். காருக்குத்தான் போகிறான், இனி இந்த முகத்தில் விழிக்க மாட்டான் என்று வெதூரியா நினைத்தாள். அவனைக் குறை சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை. அவன் ஒரு மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வரிசை நகர்ந்தது. அவர்களுடைய முறை வந்துவிட்டது என்று இலிங்கா கூப்பிட்டபோது திரும்பி வந்தான். கண் சிவந்திருந்தது. அம்மாவின் பையிலிருந்து ரொட்டியை எடுத்தான். அவள் கையில் இருந்த டிக்கெட்டை வாங்கி அதன்மேல் வைத்தான். வத்தியைச் சட்டைப்பை லைட்டரால் ஏற்றினான். காவலாளி ஓடி வந்தான். ஹோரியா இடது கையை உயர்த்தி அவனை நிற்கச் சொன்னான். அந்த முகத்தைப் பார்த்து அவன் நின்றுவிட்டான்.

“அப்பா செவெரோட ஆத்மாவுக்கு” என்று சொல்லி, ஹோரியா அதைத் தன் அம்மாவிடம் நீட்டினான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

பொமானாவை மறுக்க முடியாது. எதிரி கொடுத்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் செத்தவர் வெறுங்கையோடு நிற்பார். வெதூரியாவின் இரண்டு கைகளும் தாமாகவே நீண்டன. “பொக்தப்ரோஸ்தே” என்றாள்.

பெட்டி மெதுவாக மேலே போயிற்று. ஹோரியா எதிர்ப்பக்க ஜன்னலில் நின்றுகொண்டான். வெதூரியா இந்தப் பயணத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். வாங்கிக்கொண்டவள் பார்த்தே தீர வேண்டும். சிவப்புக் கூரைகளைப் பார்த்தாள், பச்சைக் குவிமாடங்களைப் பார்த்தாள், மரங்களுக்கு நடுவில் போகிற நீளமான சாலையை, தூரத்து மலைகளை, அவற்றின் சரிவில் திராட்சைத் தோட்டங்களை. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஊரெல்லாம் யாரோ துடைத்து வைத்ததுபோல் இருந்தது. உச்சியில் ராட்டினம் நின்றது.

“ஹோரியா” என்று கூப்பிட்டாள்.

“ம்.”

“அவரு திரும்பி வந்திருக்க மாட்டாருடா.”

அவன் திரும்பினான்.

“இதைப் பார்த்துட்டு அந்த மனுஷன் வந்திருக்கவே மாட்டாரு. நான் அன்னிக்குச் சொன்னது பொய் இல்ல.” அவள் கண்ணாடியில் கையை வைத்தாள். “வராட்டாலும் அனுப்பியிருக்கணும்.”

ராட்டினம் இறங்கத் தொடங்கியது. வெதூரியா அழுதுகொண்டே, கண்ணை மறைத்த நீரை விடாமல் தலைத்துணியின் நுனியால் துடைத்துத் துடைத்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தரை வரைக்கும் பார்த்தாள். அவருக்கு எதுவும் விட்டுப்போகக் கூடாது.