குனியக் கூடாத தலை

முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஆடாதே அண்ணன்'. நாற்காலியில் இருப்பவர் தும்ம வாயைத் திறந்தாலே "ஆடாதீங்க" என்று அதட்டுவார். இருபத்தெட்டு வருடத்தில் ஒருவர் காதிலும் கீறல் விழுந்ததில்லை.

போன வருடம் விரல் நுனிகள் மரத்துப்போகத் தொடங்கின. சீப்பு நழுவி விழுந்தது. பிறகு சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட வேண்டியதாயிற்று. ஸ்கேன் பார்த்த டாக்டர், மண்டை ஓட்டைத் தாங்கும் முதல் இரண்டு கழுத்தெலும்புகள் விலகித் தண்டுவடத்தை நெரிக்கின்றன என்றார்.

"கம்பி வச்சு, ஸ்குரூ போட்டு, மண்டையோட சேர்த்து இறுக்கிடலாம். விரல்ல உணர்ச்சி திரும்பலாம். ஆபரேஷன் முடியிற வரைக்கும் கழுத்து குனியவே கூடாது. குனிஞ்சா கை கால் போயிடும்."

"அப்புறம் தலையாட்ட முடியுமா டாக்டர்?"

"பாதிதான்."

"அதுவே ஜாஸ்தி," என்றாள் மனைவி. "கல்யாணமான நாள்லேருந்து நான் சொன்னதுக்கு இவர் ஒரு தடவ ஆட்டினதில்ல."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பின்மண்டையைக் காதோரம் வரை மழிக்க நர்ஸ் வந்தாள். சின்ன டாக்டர் தலையை இரு கையாலும் பிடித்துக்கொள்ள, கழுத்தை அசையாமல் பிடித்திருந்த பட்டையின் பின்பாதி கழன்றது. மெஷின் பிடரியைத் தொட்டது. தொழில்காரர் தலை அல்லவா, மெஷின் பட்டால் குனிந்து கொடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். மரியாதையாகக் குனியப் பார்த்தது.

"ஆடாதீங்க!" என்று நர்ஸ், சின்ன டாக்டர், மனைவி மூன்று பேரும் அலறினார்கள்.

சின்ன டாக்டரின் பிடி விடவில்லை. அண்ணன் மயிரிழையில் தப்பினார். "என்னை நம்பாதீங்க. அது தானா குனியுது," என்றார்.

மனைவி எதிரே வந்து நின்று இடுப்பில் கை வைத்தாள். "எங்க, குனிங்க பார்ப்போம்."

"நீ சொல்லி நான் குனியணுமா?"

"குனிங்கன்னா குனிங்க!"

"முடியாது போடி."

மெஷின் மேலும் கீழும் ஓடியது. தலை தூண் மாதிரி நின்றது. வேலை முடிந்து பட்டை ஏறும்வரை அவளும் விடவில்லை, அவரும் விடவில்லை.

ஆபரேஷன் ஆன ஐந்தாம் நாள் டாக்டர் பஞ்சால் விரலைத் தடவி, "தெரியுதா?" என்றார். அண்ணன் மெதுவாகக் கையை உயர்த்தி, கட்டுக்கு வெளியே இரண்டு காதோரமும் விரல் நுனியால் வருடினார். திரும்ப ஒருமுறை வருடினார்.

"இடது பக்கம் ஒரு நூல் அளவு ஏத்தி வழிச்சிருக்கீங்க," என்றார் நர்ஸிடம்.

நர்ஸின் முகம் சுருங்கியது. மனைவி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வலது பக்கம் எப்படி இருக்கு? நல்லா தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க," என்றாள்.