ஆறாவது குத்து

லுவான் தெகுயின் லாரி என்றைக்காவது ஒருநாள் இந்தக் கிடங்கு வாசலில் வந்து நிற்கும் என்று குவான் ஃபெங்யுன் ஆறு வருடம் காத்திருந்தாள். மார்ச் மாத மத்தியில், பனி உருகி ஜீலின் மாகாணத்துச் சாலையெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு நண்பகலில், வந்தே விட்டது.

ஃபெங்யுனுக்கு ஐம்பத்திரண்டு வயது. தானியக் கிடங்கில் மாதிரி எடுப்பவள். லாரி மேல் ஏறி, ஆளுயரக் குழல் குத்தூசியை மக்காச்சோளத்துக்குள் செருகி, உருவி, தட்டில் கொட்டிக் காட்ட வேண்டும். நூறு மணியில் இரண்டுக்கு மேல் பூசணம் இருந்தால் லாரி திரும்பிப் போகும். பூசணத்தை மோந்தாலே ஆகாத உடம்பு அவளுக்கு. “தானியம் இருக்கிற பக்கமே தலை வைக்காதீங்க” என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு நேரே வந்து அவள் சேர்ந்த வேலை இது. ஊரே அவளைப் பைத்தியம் என்றது.

அவள் நுரையீரலைக் கெடுத்தவன் லுவான். சோள வியாபாரி. அறுவடை முடிந்ததும் சோளத்தை வெறும் தரையில் மலையாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டுவிடுவான். குளிர்காலம் முழுக்க அது கல்லாய் உறைந்து கிடக்கும், கெடாது. விலை ஏறட்டும் என்று காத்திருந்து காத்திருந்து, ஏழு வருடத்துக்கு முன் ஒரு தடவை ஏமாந்தான். பனி முந்திக்கொண்டு உருக, குவியலின் அடி நீலப்பச்சையாகப் பூத்துவிட்டது. அதைத் தோண்டி நல்ல சோளத்தோடு கலக்கப் பெண்களைக் கூப்பிட்டான். ஃபெங்யுன் முகமூடி கேட்டாள்.

“சோளத்தூசி என்ன விஷமா? முகத்துல துணியைக் கட்டிக்கிட்டு இறங்கும்மா.”

பதினோரு நாள் இறங்கினாள். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு நின்றது. நுரையீரலில் விழுந்த தழும்பு இனி ஆறாது என்றார்கள். லுவான் அந்த ஊர்க் குளிர்காலத் தின்பண்டமான உறைந்த பேரிக்காயில் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினான். கொண்டுவந்தவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பியிருந்தான்: “அவளுக்குப் பிறவியிலேயே நோஞ்சான் உடம்பு. பழியை என் சோளத்து மேல போட வேண்டாம்னு சொல்லு.”

பெட்டியைத் திறக்காமல் குப்பையில் எறிந்தாள். அந்த வார்த்தையை மட்டும் எறிய முடியவில்லை.

இப்போது லாரி மேல் நிற்கும் முகமூடிக்காரியை லுவானுக்கு அடையாளம் தெரியவில்லை. கீழே நின்று கிடங்கு மேலாளர் ஷானுக்கு சிகரெட் நீட்டிக்கொண்டிருந்தான்.

மாதிரி எடுப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. நான்கு மூலை, ஒரு நடு. பிளம் பூவின் ஐந்து இதழ் மாதிரி. ஃபெங்யுன் ஐந்து இடத்திலும் குத்தினாள். ஐந்தும் பொன் மாதிரி இருந்தது.

“இறக்கலாமா, அக்கா?” என்றார் ஷான்.

“இன்னும் ஒண்ணு இருக்கு.”

நடுவுக்கும் மூலைக்கும் இடையில் குத்தூசியை இறக்கி உருவினாள். தட்டில் விழுந்த மணிகளின் முளை முனையெல்லாம் நீலப்பச்சை. ஊறிப்போன பழந்துணி வாடை எழுந்தது. அவளுக்குத் தெரிந்த வாடை. தெரிந்த வித்தையும்தான். அடியில்லாத தகர டின்களை ஐந்து இடத்தில் நிறுத்தி உள்ளே நல்லதையும் வெளியே கெட்டதையும் நிரப்பி, டின்னை உருவிவிடுவது. அந்தப் பதினோரு நாளில் அவளுக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவன் லுவான்.

“அஞ்சுதான் கணக்கு!” லுவான் கத்தினான். “ஆறாவது குத்து எந்த ஊர் வழக்கம்?”

அவள் முகமூடியைக் கழற்றினாள்.

ஒரு கணம் பார்த்தான். “ஓ, நீயா? மேனேஜர், இவளுக்கு எம்மேல பழைய கறுவம். கையில ஒளிச்சு வச்சிருந்ததைக் கொட்டிட்டா!”

ஷான் தயங்கினார். வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து சூழ்ந்தார்கள். ஷான் தலையசைத்தால் சோளம் இறங்கிவிடும். ஆறு வருடமும் அதோடு போய்விடும்.

“அவர் சொல்றது சரிதான் மேனேஜர். எனக்குக் கறுவம்தான்,” என்றாள் ஃபெங்யுன். “அதனால நான் தொடல. அவரே உள்ள இறங்கட்டும். நான் குத்துன அஞ்சு ஓட்டையை விட்டுட்டு, இஷ்டப்பட்ட இடத்துல முழங்கால் ஆழம் தோண்டி ஒரு மண்வெட்டி அள்ளட்டும். நல்ல சோளமா வந்தா இன்னிக்கே வேலையை விட்டுடறேன்.”

“இறங்குங்கண்ணே, உங்க சோளம்தானே!” என்றான் ஒரு ஓட்டுநர்.

லுவான் ஏறினான். லாரி விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை உள்ளே விட்டான். மறுகாலை விடவில்லை. “ஒரு முகமூடி குடுங்க,” என்றான் மெல்ல.

அவள் தன் முகமூடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள்.

“சோளத்தூசி என்ன விஷமா? துணியைக் கட்டிக்கிட்டு இறங்குங்க.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. லுவானின் கை தானாகவே எழுந்து, சட்டைக்கையால் மூக்கைப் பொத்தியது.

“பார்த்தீங்களா மேனேஜர்? இனி தோண்ட வேண்டாம்,” என்றாள் ஃபெங்யுன்.

ஷான் லாரியை ஓரங்கட்டச் சொன்னார். திரும்பிப் போனால் அது எங்காவது மாவாகிவிடும் என்று ஃபெங்யுன் விடவில்லை. முத்திரை வைத்துப் பூட்டும்வரை பக்கத்திலேயே நின்றாள். லுவான் இறங்கி வந்தபோது அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “இப்ப யாருண்ணே நோஞ்சான்?”

முகமூடி இல்லாமல் நின்றதற்குச் சாயங்காலமே கூலி கிடைத்தது. காய்ச்சல், நெஞ்சில் பாறாங்கல். வருகிற வழியில் வாங்கிய உறைந்த பேரிக்காயைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, இளகியதும் கடித்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவை. தேனாக இனித்தது.

தொலைபேசியில் ஷான். “லுவானோட இன்னும் ரெண்டு லாரி நாளைக்குப் பதிவாகியிருக்கு. நீங்க லீவு எடுத்துக்கங்க அக்கா, வேற ஆளை ஏத்தறேன்.”

“ஏத்துனீங்க, தெரியும் சேதி,” என்றாள் இருமலுக்கு நடுவே. “ரெண்டையும் நான்தான் குத்துவேன்.”